எந்த இடத்தில் நிறுத்தச் சொல்கிறோம்?

நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஆசிரியருக்கு ஒரு நடுவழி உண்டு. சீக்கிரம் பிடித்துக்கொள்பவருக்கும் தடுமாறுபவருக்கும் நடுவில் எங்காவது நின்று பேசினால் பாடம் ஓடிவிடும். ஒருவர் மட்டும் எதிரே உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அந்த வசதி கிடையாது. அவர் ஒரு ஸ்வரத்தைத் தப்பாக வாசித்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறார். நாம் ஏதாவது செய்தாக வேண்டும். நிறுத்தச் சொல்லலாம். கண்டுகொள்ளாமல் விடலாம். நாமும் சேர்ந்து வாசித்துக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவது மாதிரி இழுத்துக்கொண்டு போகலாம். வயலினைக் கீழே வைத்துவிட்டுப் பாடிக் காட்டலாம். யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்காது. அதற்குள் அடுத்த ஸ்வரம் வந்துவிடும். அந்த நேரத்தில் நாம் தன்னாலே எதைச் செய்கிறோமோ அதுதான் நம்முடைய சொல்லித்தரும் முறை என்று நான் நினைக்கிறேன்.

நான் ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே கர்நாடக சங்கீத வயலின் சொல்லித்தருகிறேன். ஒரு நேரத்தில் ஒருவர்தான். சாயங்காலம் பக்கத்துத் தெருக்களிலிருந்து பிள்ளைகள் வருவார்கள், காலையில் பெரியவர்கள், விடியற்காலையில் ஜூம். புதிதாகச் சொல்லித்தர வருகிறவர்கள் ‘எனக்குன்னு ஒரு முறை எப்படி அமையும்?’ என்று கேட்கும்போது, நம்மில் பலரும் பொறுமை, கண்டிப்பு, அன்பு என்ற சொற்களில் பதில் தேடுகிறோம். நல்ல சொற்கள்தான். ஆனால் பொறுமைசாலிகள் இரண்டு பேர் ஒரே பிழையை இரண்டு விதமாகக் கையாள்வார்கள். அதற்கேற்ப மாணவரின் காது இரண்டு விதமாக வளரும். அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

நான் கற்ற சார் எப்போதும் கூடவே வாசிப்பார். முதல் பாடமான சரளி வரிசையிலிருந்து நன்றாகத் தேறிய பிறகு வரும் வர்ணம் வரைக்கும் அப்படித்தான். அவருடைய வயலினின் நாதம் அறையை நிறைத்துவிடும். அதற்குள் என் வயலினும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். நல்ல நாதத்தை மணிக்கணக்கில் பக்கத்திலிருந்து கேட்டதால் எனக்குக் கிடைத்தது ஏராளம். வில் எவ்வளவு நீளமாகப் போகலாம், ஒரு ஸ்வரத்தின் நடுப்பகுதி எப்படி உப்பி அடங்கும் என்பதையெல்லாம் யாரும் வாயால் சொல்லித்தரவில்லை. கேட்டுக் கேட்டே வந்தது. நான் சொல்லித்தர ஆரம்பித்தபோது நானும் கூடவே வாசித்தேன். நமக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதானே.

வீட்டில் கேட்டுப் பயிற்சி செய்வதற்காகப் பிள்ளைகள் வகுப்பை ஃபோனில் ரெக்கார்ட் செய்துகொள்வார்கள். ஒரு மாணவியின் அம்மா அப்படி ஒரு பதிவை எனக்கும் அனுப்பியிருந்தார். சமையல் செய்துகொண்டே கேட்டேன். அதில் என் வயலின்தான் கேட்டது. அந்தப் பெண்ணின் வயலின் நான் மூச்சு விடும் இடங்களில் மட்டும் கேட்டது. அப்புறம் மற்ற பதிவுகளையும் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தேன். எந்த இடத்தில் ‘இரு’ என்கிறேன், எதை விட்டுவிடுகிறேன் என்று கவனித்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. தாளம் கொஞ்சம் முன்னே பின்னே போனால் நான் நிறுத்துவதே இல்லை. ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, முடியட்டும் என்று விடுகிறேன். சுருதி ஒரு நூல் விலகினால் உடனே நிறுத்துகிறேன். வில், தந்திகளைத் தாங்கும் குதிரையை விட்டு, விரல் வைக்கும் ஃபிங்கர்போர்டுப் பக்கம் நழுவினால் அதைவிடச் சீக்கிரமாக நிறுத்துகிறேன். நான் எடுத்த முடிவு இல்லை இது. என் காது எதைத் தாங்குகிறது, எதைத் தாங்கவில்லை என்பதன் வரைபடம். அதைப் பார்த்த பிறகுதான் என் முறை எது என்று என்னால் சொல்ல முடிந்தது. எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்றலாம் என்று யோசிக்கவும் முடிந்தது.

வைத்துக்கொண்டது சுருதியையும் வில்லையும். மாற்றியது, அதை யார் சொல்வது என்பதை.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் அரை சைஸ் வயலினோடு வருகிறான். சரளி வரிசையில் இருக்கிறான். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் என் முகத்தைப் பார்ப்பான். தனி வகுப்பின் பெரிய தொல்லை இது. சின்னப் பிள்ளைகள் ஸ்வரத்தைக் கேட்பதை விட்டுவிட்டு ஆசிரியரின் புருவத்தைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். புருவம் ஏறினால் விரலை நகர்த்துவார்கள், இறங்கினால் விட்டுவிடுவார்கள். அதனால் நான் எதிரே உட்காருவதை விட்டுவிட்டு அவனுக்கு வலது பக்கம், கொஞ்சம் பின்தள்ளி உட்கார ஆரம்பித்தேன். அங்கிருந்து வில் தந்தியில் எந்த இடத்தில் படுகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என் முகம் அவனுக்குத் தெரியாது.

கர்நாடக வயலினில் நாலு தந்திகளையும் ஸ, ப, ஸ, ப என்று சேர்ப்போம். நடு மட்டமான மத்ய ஸ்தாயியில் ஸ ரி க ம ஒரு தந்தியில், ப த நி ஸ அடுத்த தந்தியில். மேல் ஸ வருவது ப தந்தியில், மோதிர விரலில். அது மிகச் சரியான இடத்தில் விழுந்தால் பக்கத்தில் சும்மா இருக்கும் ஸ தந்தி தன்னால் அதிரும். காதுக்கு ஒரு கூடுதல் ரீங்காரம் கேட்கும். கண்ணுக்கும் தெரியும்: தந்தியின் ஓரம் கலங்கின மாதிரி ஆகிவிடும். ஒரு மயிரிழை தள்ளி விழுந்தால் எதுவும் நடக்காது.

“மிஸ், இப்ப சரியா?”

“என்னைக் கேக்காத. பக்கத்துத் தந்தி ஆடுதா பாரு.”

குனிந்து, மூக்கு வயலினில் இடிக்கிற அளவுக்குப் பார்த்தான். “ஆடலை.”

“சரி, ஆடுற வரைக்கும் விரலைக் கொஞ்சம் கொஞ்சமா நகத்து. வில்லை நிறுத்தாத.”

நகர்த்திக்கொண்டே இருந்தான். அறையில் ஒரு பூனை கத்துகிற மாதிரி இருந்தது. திடீரென்று ‘ங்’ என்று நிறைந்த சத்தம். “மிஸ், ஆடுது!” என்று கத்திக்கொண்டே வில்லைத் தூக்கிவிட்டான். அன்றைக்கு வேறு எதுவும் வாசிக்க மாட்டேன் என்று அந்த ஒரு ஸவையே போட்டுக்கொண்டிருந்தான். நானும் விட்டுவிட்டேன். சரி, தப்பு என்று நான் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை இது. ஆனால் வீட்டில் போய் வாசிக்கும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். அந்தத் தந்தி இருக்கும்.

காலையில் வருகிற சார் ஒருவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். வாழ்நாள் முழுக்க ரேடியோவிலும் கச்சேரிகளிலும் கேட்டுக் கேட்டு, பெரிய வித்வான்களைக் குரலின் முதல் இழுப்பிலேயே சொல்லிவிடும் காது அவருக்கு. விரல்தான் இப்போது ஆரம்பிக்கிறது. அவரிடம் என் பழக்கம் அடியோடு பொருந்தவில்லை. சுருதி விலகியதும் நான் ‘இருங்க சார்’ என்பேன். “தெரியுது டீச்சர், விரல்தான் போக மாட்டேங்குது” என்பார். தெரிந்த பிழையைத் திரும்பச் சொல்வது பாடம் ஆகாது. அவர் வயதுக்கு அது மனதைச் சுடவும் செய்யும். பிள்ளைகளுக்கு விரல் போகும், காது வர வேண்டும். இவருக்கு நேர்மாறு. அதனால் அவரை முழு வரிசையையும் வாசிக்கவிட்டு, முடிந்ததும் ‘எங்க சார் போச்சு?’ என்று மட்டும் கேட்பேன். நான் குறித்து வைத்திருந்த எல்லா இடத்தையும் சொல்வார். சில நாள் நான் கவனிக்காத ஓர் இடத்தையும் சேர்த்துச் சொல்வார்.

ஒருநாள் ஸ்டீல் ஸ்கேல் கொண்டுவந்தார். முழு சைஸ் வயலினில் தலைப்பக்கத்து மேட்டிலிருந்து குதிரை வரை தந்தியின் நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். மாயாமாளவகௌளை ராகத்தின் ரி அதில் பதினாறில் ஒரு பங்கு தூரத்தில், அதாவது 2 சென்டிமீட்டரில் வருகிறது. க ஐந்தில் ஒரு பங்கில், 6.6 சென்டிமீட்டர். ம சரியாகக் காலில், 8.2 சென்டிமீட்டர் சுமாருக்கு. அளந்து, ஒரு பழைய டைரித் தாளில் கோடு போட்டு எழுதிக் காட்டினார். “பாருங்க டீச்சர், ரிக்கும் கவுக்கும் நாலரை சென்டிமீட்டர் இடைவெளி. கவுக்கும் மவுக்கும் ஒன்றரை சொச்சம்தான். அதான் எனக்கு ரெண்டாவது விரல் எப்பவும் முன்னாடியே விழுது.”

ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே நாலரை சென்டிமீட்டர் விரிக்க வேண்டும். அடுத்த மோதிர விரல் நடுவிரலை ஒட்டிக்கொண்டு விழ வேண்டும். இத்தனை வருஷம் நான் ‘கவை இன்னும் ஏத்து’ என்று காதால் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இப்படி ஓர் அளவு இருக்கிறது என்பதை அந்தத் தாளைப் பார்த்துத்தான் உணர்ந்தேன். மாயாமாளவகௌளையை முதல் பாடமாக வைத்தவர் புரந்தரதாசர் என்று சொல்வார்கள். வயலின்காரர்களுக்கு அதில் ஒரு சௌகரியமும் உண்டு. ஸ ரி க மவுக்கு விரல்கள் விழும் அதே இடங்களில்தான் அடுத்த தந்தியில் ப த நி ஸவும் விழும். ஒரு பாதியில் கை பழகிவிட்டால் மறுபாதி இலவசம். ஆனால் அந்த முதல் பாதியின் விரிப்பு கஷ்டம்தான்.

சாருக்கு அந்தத் தாள் பெரிய திறப்பாக இருந்தது. கை எங்கே போக வேண்டும் என்று மனதில் படம் வந்துவிட்டது. அடுத்த வாரமே க ஏறிவிட்டது. அரை சைஸ் பையனிடம் அந்த அளவுகளைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவனுடைய வயலினுக்கு அளவே வேறு, அவனுக்குப் பின்னமும் இன்னும் சரியாக வரவில்லை. அவனிடம் ‘ரெண்டாவது விரலும் மூணாவது விரலும் சேத்தி, ஒட்டிக்கிட்டே இருக்கணும், ஒண்ணாவது விரல் மட்டும் கோவிச்சுக்கிட்டுத் தள்ளி உக்காந்திருக்கு’ என்றேன். அது போதுமாக இருந்தது. ஆளுக்கு ஏற்ற மாதிரி விளக்கம் மாறிக்கொண்டே போகும்போது ‘என் முறை’ என்று ஒன்று மிச்சம் இருக்குமா என்ற சந்தேகம் எனக்கும் வந்ததுண்டு. மிச்சம் இருக்கிறது. இரண்டு பேரிடமும் நான் நின்ற இடம் கதான். தாளத்தில் இல்லை, வேகத்தில் இல்லை. வேறோர் ஆசிரியர் இருவரையும் அந்தக் கவைத் தாண்டிப் போகவிட்டு, பின்னால் அலங்காரப் பாடங்கள் வரும்போது தானாகச் சரியாகும் என்றிருப்பார். அவரிடமும் நல்ல வித்வான்கள் உருவாவார்கள்.

வயலின் விஷயத்தில் இந்த வேறுபாடு கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றும். வாய்ப்பாட்டுக்கும் வீணைக்கும் நெடுங்காலப் பாடமுறை இருக்கிறது. வயலின் அப்படி இல்லை. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1859) சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்று நம் சங்கீதத்தை அதில் வாசித்தார். இசையிலும் நாட்டியத்திலும் பெயர்பெற்ற சகோதரர்களான தஞ்சை நால்வரில் ஒருவர் வடிவேலு. அவருக்கு 1834-இல் திருவிதாங்கூரின் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தால் ஆன வயலினையே பரிசளித்தார். அவ்வளவு சீக்கிரத்தில் நம்முடையதாகிவிட்ட கருவி. நின்றுகொண்டு தாடையால் பிடித்து வாசித்ததைத் தரையில் சம்மணம் போட்டு, வயலினின் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கிற கருவியாக மாற்றினார்கள். அதனால் இடது கை பாரம் தாங்குவதிலிருந்து விடுபட்டது. தந்தியின் மேலும் கீழும் தாராளமாக வழுக்கி, ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகத்தைப் பிடிக்க முடிந்தது. எந்த விரலால் எதைத் தொடுவது என்பதை ஒவ்வொரு வீடும் தனக்கென்று கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. லால்குடி ஜெயராமன், டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் மூவரையும் வயலின் மும்மூர்த்திகள் என்கிறோம். மூவருமே தங்கள் அப்பாவிடம் கற்றவர்கள். மூன்று அப்பாக்கள், மூன்று வீடுகள், ஒருவருக்கு ஒருவர் என்ற பாடம். ஒரு நிமிடம் கேட்டால் போதும், யார் வாசிக்கிறார் என்று சொல்லிவிடலாம். அந்த அப்பாக்கள் ஒவ்வொருவரும் எந்த இடத்தில் ‘நிறுத்து’ என்று சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி யோசனை போகும்.

ஜூம் வகுப்பு என் கையிலிருந்து வயலினைப் பிடுங்கி வைத்த கதையையும் சொல்ல வேண்டும். டாலஸில் இருக்கும் பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி. அவளுக்குச் சாயங்காலம், எனக்கு விடியற்காலை. முதல் நாளே தெரிந்துவிட்டது, சேர்ந்து வாசிக்க முடியாது என்று. சத்தம் அங்கே போய்ச் சேர ஒரு கணம், திரும்பி வர ஒரு கணம். நான் தாளம் போட்டால் அவளுக்குத் தாமதமாகப் போகும். அதற்கு அவள் வாசிப்பது எனக்கு இன்னும் தாமதமாக வரும். போதாக்குறைக்கு ஜூம் நம் தம்புராவை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். (ஆன்லைனில் சங்கீதம் சொல்லித்தருகிறவர்களுக்கு: ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பை இரண்டு பக்கமும் போட்டுவிடுங்கள். அதைப் போடாமல் சுருதி பேசவே முடியாது.) ஆகவே அவள் வாசிக்கும்போது நான் மைக்கை அணைத்துவிட்டுச் சும்மா கேட்க வேண்டும். நடுவில் ‘இரு’ என்றாலும் அவள் காதில் விழும்போது அந்த இடம் தாண்டிப் போயிருக்கும். முழு ஆவர்த்தனமும் கேட்டுவிட்டு, அப்புறம் பேச வேண்டும்.

இப்படிச் சும்மா கேட்கும்போது நான் புதிதாக ஒன்றைக் கேட்டேன். இரண்டாவது வரியில் போன சுருதியை அவளே நாலாவது வரியில் மீட்டுக்கொள்கிறாள். நான் இடையில் புகுந்திருந்தால் அந்த மீட்பு நடந்திருக்காது. கச்சேரியில் உட்காருகிறவருக்கு வேண்டிய முக்கியமான திறமை அதுதான். போனதை, நிற்காமல், யாருக்கும் தெரியாமல் பிடித்துக்கொள்வது. அதிலிருந்து நேரில் வருகிறவர்களுக்கும் கொஞ்ச நேரம் இப்படி வைத்திருக்கிறேன். கடைசிப் பத்து நிமிடம் நான் பேச மாட்டேன், என் வயலின் பெட்டிக்குள் இருக்கும். முதலில் சங்கடப்பட்டார்கள். இப்போது அந்தப் பத்து நிமிடத்துக்கு என்ன வாசிக்கலாம் என்று வீட்டிலேயே யோசித்துக்கொண்டு வருகிறார்கள்.

கமகத்தில் மட்டும் என் சார் வழியிலிருந்து நான் நகரவில்லை. பாடித்தான் சொல்லித்தருகிறேன். பொறியியல் படிக்கும் ஒரு பெண்ணுக்குத் தோடி ராகம் ஆரம்பித்தோம். ஏட்டில் ‘க’ என்று ஓர் எழுத்துதான் இருக்கும். ஆனால் தோடியின் அந்த க, அதாவது காந்தாரத்தில் நாம் போய் நிற்பதில்லை. ரியிலிருந்து ம வரைக்கும் போய்ப் போய் வருகிற அசைவுதான் அந்த க. அவள் தாளத்தின் ஓர் எண்ணிக்கையான அட்சரத்தை வைத்துக் கணக்குக் கேட்டாள். “அக்கா, ஓர் அட்சரத்துக்கு எத்தனை அசைவு? எவ்வளவு தூரம்?” கேட்டதில் தவறில்லை. அப்படிக் கணக்காகச் சொல்லித்தரும் நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள். நான் வயலினைக் கீழே வைக்கச் சொன்னேன். பாடினேன், பாடச் சொன்னேன். கையைக் காற்றில் அசைத்துக்கொண்டே பாடச் சொன்னேன். குரல் எழும்பும்போது கை எழும்புகிறது, தணியும்போது தணிகிறது. வாயில் வந்துவிட்டால் விரலில் வரும் என்று என் சார் சொல்வார். வயலின் சொல்லித்தருகிற பலரும் சொல்வார்கள். அந்த வகுப்பு முழுக்க வயலினைத் தொடவே இல்லை. அடுத்த வகுப்பில் வில்லை வைத்ததும் முதல் முயற்சியிலேயே தோடி வந்தது என்று சொல்ல ஆசைதான். வரவில்லை. ஆனால் தான் வாசிப்பது தோடி இல்லை என்று அவளுக்கே கேட்டது. நான் பாடிய காந்தாரம் காதில் இருந்ததால், விரலை அதன் பக்கம் கொண்டுபோகும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள்.

நொட்டேஷனையும் அதனால் கடைசியில்தான் கொடுக்கிறேன், பாட்டு மனப்பாடம் ஆன பிறகு. பொன்மலை சாருக்கு மட்டும் முதலிலேயே கொடுப்பேன். காது ஏற்கெனவே நிறைந்திருப்பவருக்கு ஏடு ஒரு உதவிதான். காது காலியாக இருக்கிற பிள்ளையிடம் ஏட்டைக் கொடுத்தால் கண் முந்திக்கொள்ளும்.

என்னிடம் கற்ற ஒரு பெண் இப்போது தானே சொல்லித்தர ஆரம்பித்திருக்கிறாள். ஆளுக்கு ஒரு பதிவு கேட்டு வாங்கிக் கேள் என்று அவளிடமும் சொன்னேன். ஒன்றை எனக்கும் அனுப்பினாள். ஸ்வரங்களை இரட்டை இரட்டையாக வாசிக்கும் ஜண்டை வரிசை, இரண்டாம் காலம், அதாவது இரட்டை வேகம். மாணவனின் சுருதி நன்றாகவே விலகி இருந்தது, அவள் விட்டுவிட்டாள். தாளம் அரை அட்சரம் சரிந்ததும் ‘டேய், நில்லு’ என்று பாய்ந்துவிட்டாள். அவள் வீட்டில் அப்பா மிருதங்கம் வாசிப்பவர். தாளத்தின் தட்டும் வீச்சும் கேட்டு வளர்ந்த பிள்ளை. “அக்கா, உங்களை மாதிரி சுருதியில நிறுத்தணும்னு பாக்குறேன், அதுக்குள்ள தாளம்தான் காதுல விழுது” என்றாள். தாளத்திலேயே நிறுத்து என்றேன். உன் காது அங்கேதான் கூர்மையாக இருக்கிறது. அந்தப் பையனுக்கு லயம் நன்றாக வரும், அது சின்ன விஷயம் இல்லை. சுருதிக்கு மட்டும், பாடம் முடிந்து எடுக்கிற பதிவை அவனையே கேட்கவைத்து எங்கே விலகுகிறது என்று சொல்லச் சொல் என்றேன். இன்னொரு மாணவரோடு, கொஞ்சம் பெரியவராக இருந்தால் நல்லது, எடுத்த பதிவை அடுத்த மாதம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதிலும் தாளத்துக்குத்தான் நிறுத்துகிறாளா என்று பார்க்க வேண்டும்.